சிலம்பும் சோதனைத் தாளும்

மதுரையில் கோவலன் கொலையுண்டதற்குப் பொற்கொல்லனின் பொய் மட்டும் காரணம் அன்று. கோவலன் கையில் சிலம்பு இருந்தது உண்மை. அது பார்வைக்கு அரசியின் சிலம்பை ஒத்திருந்ததும் உண்மை. உண்மையான ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பொய்யான ஒரு முடிவுக்குப் பாண்டியன் ஒரே தாவலில் சென்றான் என்பதே அக்கதையின் கொடுமை. உள்ளே இருக்கும் பரல் முத்தா மாணிக்கமா என்று பார்க்க வேண்டும் என அந்த அவையில் எவருக்கும் தோன்றவில்லை. கண்ணகி வந்து உடைத்துக் காட்டியபோது காலம் கடந்திருந்தது.

இதனை நாம் இரண்டாயிரம் ஆண்டுப் பழங்கதையாகப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைக்கிறோம். ஆனால் அதே தாவல் இன்றும் வீடுகளுக்குள் நிகழ்கிறது. சிலம்பின் இடத்தில் இப்போது ஒரு பரிசோதனைக் கூடத்தின் தாள் இருக்கிறது.

ஒரு தம்பதியரை எண்ணிப் பார்ப்போம். யாரையும் குறிப்பதன்று, நாம் கற்பனை செய்துகொள்ளும் ஒரு தம்பதியர்தான். மணமாகி மூன்று ஆண்டுகள். குழந்தை இல்லை. மாமியார் கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டு ஓய்ந்தபின், கருத்தரிப்பு மருத்துவமனையில் வரிசையில் அமர்கிறார்கள். வழக்கம்போல முதலில் சோதிக்கப்படுவது பெண். எழுதித்தரும் பத்துப் பன்னிரண்டு சோதனைகளுள் ஒன்று கிளமிடியா. அதற்கு நேரே 'பாசிட்டிவ்' என்று அச்சாகி வருகிறது. கணவன் கைப்பேசியில் அச்சொல்லைத் தேடுகிறான். 'பால்வினை நோய்' என்று வருகிறது. அந்த நொடியிலிருந்து அவ்வீட்டில் யாரும் பேசுவதில்லை. அவன் மனத்தில் ஒரு கேள்வி, அவள் மனத்தில் அதே கேள்வி எதிர்த்திசையில். மூன்றாண்டு வாழ்க்கை முழுவதும் பின்னோக்கித் திரும்பி, ஒவ்வொரு தொலைபேசி அழைப்பும் ஒவ்வொரு வெளியூர்ப் பயணமும் புதிதாக விசாரிக்கப்படுகிறது.

அந்தத் தாள் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பதே நம் கட்சி. மருத்துவர் சொல்ல வேண்டியதை இலக்கியம் பேசுவோர் ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். ஒரு சொல்லை எப்படிப் படிப்பது என்பதுதான் இங்கே சிக்கல். அதில் நமக்கும் ஓர் இடம் உண்டு என்று கருதுகிறோம்.

முதலில் நோயின் பெயர். கிளமிடியா என்பது கிரேக்கத்தில் மேலங்கியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 1907இல் ஜாவாத் தீவில், மேகப்புண் நோயை ஆராயச் சென்ற ஜெர்மானியக் குழுவைச் சேர்ந்த ஹால்பர்ஸ்டேட்டர், புரோவாசெக் என்னும் இருவர் டிரக்கோமா என்னும் கண்நோயாளிகளின் இமையிலிருந்து எடுத்ததை ஒராங்குட்டான் குரங்குகளின் கண்ணில் செலுத்திப் பார்த்தார்கள். உயிரணுவுக்குள் போர்வை போர்த்தினாற்போலத் தெரிந்த சில துகள்களைக் கண்டு அதற்கு அப்பெயரை வைத்தார்கள். வேறோர் உயிரணுவுக்குள் மட்டுமே வாழக்கூடியது ஆகையால் நெடுங்காலம் அதை வைரஸ் என்றே எண்ணினர். 1957இல் பீகிங்கில் தாங் ஃபெய்ஃபான் என்னும் அறிஞர் முட்டைக்கருவில் அதை வளர்த்துக்காட்டிய செய்தி வெளியானது. பின்னரே அது பாக்டீரியா என்பது உறுதிப்பட்டது.

இந்த வரலாற்றில் நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. டிரக்கோமாவை உண்டாக்குவதும் இன்று பால்வினைத் தொற்று என்று கூறப்படுவதும் ஒரே இனத்துப் பாக்டீரியாவே. உள்வகைகள் மட்டுமே வேறு. சில வகைகள் கண்ணிமையில் குடியேறுகின்றன. சில வகைகள் பிறப்புறுப்பின் சவ்வில் குடியேறுகின்றன. நம் நாட்டில் பல தலைமுறைகளின் பார்வையைப் பறித்த டிரக்கோமா, பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்தியாவில் நீங்கிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2024 அக்டோபரில்தான் அறிவித்தது. கண் சிவந்து இமை உள்மடிந்து பார்வை போன அந்த மூதாட்டிகளிடம் யாரேனும் 'இது யாரிடமிருந்து வந்தது' என்று நடுக்கூடத்தில் நிறுத்திக் கேட்டிருப்பார்களா? ஈயும், பொதுத் துண்டும், ஒரே மைக்குச்சியும் காரணம் என்று சொல்லி மருந்திட்டார்கள். அதே உயிரி இரண்டு முழம் கீழே இறங்கியதும் நோயாளி குற்றவாளி ஆகிவிடுகிறாள். பாக்டீரியாவுக்கு ஒழுக்கம் தெரியாது. உடலின் எந்த உறுப்பில் இருக்கிறது என்பதை வைத்து ஒழுக்கத்தை ஏற்றிச் சொல்பவர்கள் நாமே.

நம் மொழியும் அதற்குத் துணைபோகிறது. 'பால்வினை நோய்' என்பது நல்ல கலைச்சொல்தான். ஆக்கியவர்கள் பாலுறவுச் செயலால் பரவுவது என்ற பொருளில்தான் ஆக்கியிருப்பார்கள். ஆனால் தமிழ்க் காதுக்கு 'வினை' என்பது வெறும் செயலாக ஒலிப்பதில்லை. செய்த வினை, வினைப்பயன், வினை தீர்த்தல் என்று அச்சொல் தன் பின்னே நீண்டதொரு தண்டனைச் சங்கிலியை இழுத்து வருகிறது. 'பால்' என்பதற்கும் ஊழ் என்று பழைய பொருள் உண்டு. ஆகவே அச்சொல்லைப் படிப்பவன், கிருமியின் பெயரைப் படிக்கும் முன்னரே தீர்ப்பைப் படித்துவிடுகிறான். மேகநோய், வெட்டை என்ற பழைய சொற்கள் இன்னும் மோசம்; அவை ஏளனத்தோடன்றி உச்சரிக்கப்படுவதே இல்லை. 'பாலுறவு வழித் தொற்று' என்று சொல்லிப் பழகினால் பாதிச் சூடு தணியும் என்று தோன்றுகிறது.

இனி, தாள் சொல்வது என்ன? சோதனை பி.சி.ஆர். வகையைச் சேர்ந்ததாக இருந்தால், எடுக்கப்பட்ட மாதிரியில் அப்பாக்டீரியாவின் மரபணுத்துகள் இருக்கிறது என்று சொல்கிறது. அவ்வளவே. என்று வந்தது, யார் வழியாக வந்தது, இருவருள் யாருக்கு முதலில் வந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் அதில் விடை இல்லை. ஆனால் வீட்டில் எழுவது அந்த மூன்று கேள்விகள் மட்டுமே.

'என்று' என்பதைப் பார்ப்போம். கிளமிடியா சத்தம் போடாத தொற்று. தொற்றிய பெண்களுள் பெரும்பான்மையோருக்கும், ஆண்களுள் பாதிக்கும் குறையாதோருக்கும் எந்த அறிகுறியும் தெரிவதில்லை. வலி இல்லை, எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. மருந்தின்றியே உடல் தானாக அதை வெளியேற்றுவதும் உண்டு. ஆனால் அதற்கு நாளாகும். கொலம்பியா நாட்டுப் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2005இல் வெளியான ஆய்வு ஒன்றில், மருந்து பெறாதோருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஓராண்டில் தொற்று நீங்கியிருந்தது. நான்கு ஆண்டுகள் ஆனபோது நூற்றுக்கு ஐவர் அளவில் இன்னும் எஞ்சியிருந்தது. அப்படியாயின், மணமாகி இரண்டு மூன்று ஆண்டுகளே ஆன நம் தம்பதியரின் தொற்று, மணத்துக்கு முந்தைய வாழ்வின் எச்சமாக இருப்பது முற்றிலும் கூடிய காரியம். அவ்விருவருள் யாருடைய முந்தைய வாழ்வு என்பதும் தாளில் இல்லை.

நேர்மையாக இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் இணைந்து வாழ்ந்தோரிடம், இடையில் ஏதும் நிகழாமல், பழைய தொற்றே தங்கிவிட்டது என்று சொல்வது வலுவான வாதம் ஆகாது. ஆண்டுகள் கூடக் கூட அந்த வாய்ப்பு சுருங்குகிறது. ஆறுதலுக்காக அறிவியலை வளைப்பது நம் நோக்கம் அன்று.

'யாருக்கு முதலில்' என்பது இன்னும் சிக்கலானது. மனைவிக்குத் தொற்று உண்டு, கணவனுக்கு இல்லை என்று வந்தால், கூடியிருப்போர் உடனே கணக்கை முடித்துவிடுகிறார்கள். ஆனால் இணையருள் ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாமற்போவது மருத்துவர்கள் அடிக்கடி காணும் ஒன்று. ஒவ்வொரு கூடலிலும் தொற்று கடப்பதில்லை. கடந்து, பின் ஒருவர் உடலில் மட்டும் தானாக நீங்கியிருக்கலாம். நம் ஊரில் இன்னொரு வழியும் உண்டு. தொண்டை வலி, இருமல் என்றால் மருந்துக் கடையில் சீட்டின்றியே அசித்ரோமைசின் வாங்கி விழுங்குவது நமக்கு வழக்கமாகிவிட்டது. கிளமிடியாவுக்குத் தரப்படும் மருந்துகளுள் ஒன்று அதே அசித்ரோமைசின். ஆகவே, தொற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் ஒரு மழைக்கால இருமலுக்கு மூன்று மாத்திரை போட்டுக்கொண்டு, தனக்குத் தெரியாமலே குணமாகி, 'எனக்கு இல்லை' என்று மெய்யாகவே சொல்லக்கூடும். மருந்து எடுக்காதவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பார். சோதனையில் சிக்கியவரே தொடங்கிவைத்தவர் என்ற முடிவுக்கு எந்த ஆதாரமும் இல்லை என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

அடுத்து, எந்தச் சோதனை என்ற கேள்வி. இதைக் கேட்பவர் மிகக் குறைவு. கேட்டிருந்தால் பல வீடுகளில் கண்ணீர் மிஞ்சியிருக்கும். நம் நாட்டுப் பரிசோதனைக் கூடங்களில் கிளமிடியா என்ற பெயரில் இரண்டு வேறு சோதனைகள் செய்யப்படுகின்றன. ஒன்று, சிறுநீரிலோ பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரியிலோ பாக்டீரியாவின் மரபணுவைத் தேடுவது. மற்றொன்று, இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது, தாளில் ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம். என்ற எழுத்துகள் இருந்தால் அது இவ்வகை. கருத்தரிப்புச் சோதனைத் தொகுப்புகளில் இரண்டாவதும் சேர்க்கப்படுவதுண்டு. ஐ.ஜி.ஜி. இருப்பது, என்றோ ஒருநாள் உடல் அக்கிருமியைச் சந்தித்தது என்பதன் தடயமே. இன்று தொற்று இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. அதைவிட முக்கியமானது, கிளமிடியாக் குடும்பத்தில் நிமோனியா வகை என்று ஒன்று உண்டு. அது இருமல் வழியே மூச்சுக்காற்றில் பரவி நுரையீரலைப் பிடிப்பது. உலகெங்கும் பெரியவர்களுள் மிகப் பலர் அதை வாழ்வில் ஒருமுறையேனும் சந்தித்தவர்கள். அதன் எதிர்ப்பொருளைச் சில இரத்தச் சோதனைகள் பாலுறவு வகையின் எதிர்ப்பொருளாக மயங்கிக் காட்டுகின்றன. பள்ளிநாளில் வந்த இருமலுக்காக ஒரு பெண் தன் மணவாழ்வில் பதில் சொல்ல நேரலாம் என்பது மிகையான கூற்று அன்று.

மரபணுச் சோதனை இதைவிடப் பன்மடங்கு நம்பகமானது. ஆனாலும் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஆயிரம் பெண்களைச் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களுள் பத்துப்பேருக்கே மெய்யாகத் தொற்று இருக்கிறது. சோதனை அப்பத்துப்பேரையும் பிடித்துவிடுகிறது. மீதமுள்ள 990 பேரில், இருநூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் மட்டும் சோதனை தவறுகிறது என்போம். மிக நல்ல சோதனைதான். ஆனாலும் அது ஐந்து பேருக்கு இல்லாத தொற்றை உண்டு என்கிறது. 'உண்டு' என்று தாள் பெற்ற பதினைந்து பேரில் ஐவர், அதாவது மூவரில் ஒருவர், தொற்றே இல்லாதவர். அதே சோதனையை, ஆயிரத்தில் நூறுபேருக்குத் தொற்றுள்ள கூட்டத்தில் செய்தால் தவறானவை நூற்றுக்கு நான்கைந்தாகக் குறைந்துவிடும். கருவி ஒன்றே, சோதிக்கப்படுவோர் யார் என்பதைப் பொறுத்து அதன் சொல்லின் எடை மாறுகிறது. இவ்வெண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. ஆனால் கணக்கின் தருக்கம் எங்கும் ஒன்றே. எனவே அறிகுறியும் ஐயமும் இல்லாத தம்பதியரிடம் எதிர்பாராமல் 'உண்டு' என்று வந்தால், வேறொரு மாதிரியில், இயன்றால் வேறொரு முறையில், மீண்டும் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேட்பது நியாயமே. அது மருத்துவரை அவமதிப்பதாகாது.

'இல்லை' என்ற சொல்லும் முழுமையானது அன்று. 2006இல் ஸ்வீடன் நாட்டின் ஹாலண்ட் மாகாணத்தில் கிளமிடியா நோயாளிகளின் எண்ணிக்கை திடீரெனக் குறைந்தது. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் அங்கிருந்தோர் ஐயுற்று ஆராய்ந்தனர். சோதனைகள் எந்த மரபணுப் பகுதியைத் தேடினவோ அந்தப் பகுதி மட்டும் உதிர்ந்துபோன ஒரு புதிய திரிபு பரவியிருந்தது. நோய் இருந்தது, சோதனைக்குத் தெரியவில்லை. ஆயிரக்கணக்கானோர் 'இல்லை' என்ற தாளோடு வீடு திரும்பியிருந்தார்கள். பின்னர் சோதனைகள் திருத்தப்பட்டன. தாளில் அச்சான சொல், கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இவ்வளவும் சொன்னபின், 'அப்படியானால் இது எப்படியும் வரலாம், பொதுக் கழிப்பறையில் தொற்றியிருக்கும்' என்று முடித்துவிடும் ஆசை எழும். அதை நாம் ஏற்கவில்லை. பிறப்புறுப்பில் தங்கும் கிளமிடியா கழிப்பறை இருக்கையிலோ, நீச்சல் குளத்திலோ, துண்டிலோ தொற்றுவதில்லை. பெரியவர்களிடம் அது பாலுறவு வழியாகவே வருகிறது. குடும்பம் உடையக்கூடாதே என்ற நல்லெண்ணத்தில் இப்படிச் சொல்லிவிடும் மருத்துவர்கள் உண்டு. இன்னும் சிலர் ஒன்றும் சொல்லாமல், 'சின்ன இன்ஃபெக்‌ஷன்தான்மா, ரெண்டு பேரும் இந்த மாத்திரையைப் போட்டுக்கோங்க' என்று அனுப்பிவிடுவார்கள். அந்தக் கருணையை நாம் புரிந்துகொள்கிறோம். ஆனால் தன் உடலில் இருப்பது என்ன என்று அறியும் உரிமை அந்தப் பெண்ணுக்கு உண்டு. மருத்துவம் பெறாத பெண்களுள் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேருக்குத் தொற்று மேலேறி இடுப்புக்குழி அழற்சியாகிறது. கருக்குழாய் தழும்பேறி அடைபடுகிறது. குழந்தையின்மையும், கருப்பைக்கு வெளியே கரு தங்கும் அபாயமும் அதன் பின்விளைவுகள். பெயர் தெரியாமல் விழுங்கிய மாத்திரையைப் பாதியில் நிறுத்துவது எளிது. கணவனைப் போடவைப்பது அரிது. பொய்யான ஆறுதலின் விலையைப் பெரும்பாலும் பெண்ணின் உடலே கொடுக்கிறது.

துரோகமே நிகழ்ந்திருந்தால்? அதையும் மறைக்காமல் பேசுவோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 13 கோடிப் புதிய கிளமிடியாத் தொற்றுகள். அவற்றுள் பல, இணையருக்குத் தெரியாத உறவுகளின் வழியே வந்தவை என்பதை யாரும் மறுக்க முடியாது. மருத்துவ ஐயங்களை அடுக்கிக்காட்டி, உண்மையிலேயே ஏமாற்றப்பட்ட ஒருவரின் கேள்வியை 'உனக்கு அறிவியல் தெரியவில்லை' என்று அடக்குவதற்கு இக்கட்டுரை கருவியாகக் கூடாது. நம் அகப்பாடல்களில் பரத்தையிடம் சென்று திரும்பும் தலைவனுக்கு வாயில் மறுக்கும் தலைவிக்கு ஒரு துறையே வகுத்துக் கொடுத்தவர்கள் நம் முன்னோர். கேட்கும் உரிமையும், ஊடும் உரிமையும், கதவை அடைக்கும் உரிமையும் அவளுக்கு உண்டு என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். தலைவனை நோக்கி எழுப்ப அஞ்சும் கேள்வியைத் தலைவியை நோக்கி மட்டும் எழுப்புவது பிற்காலத்து நாம் கற்றுக்கொண்ட வழக்கம்.

நம் கருத்து, இங்கே இரண்டு வழக்குகள் இருக்கின்றன என்பதே. ஒன்று உடலின் வழக்கு. அதற்குச் சான்று உண்டு, மருந்து உண்டு, கால வரையறை உண்டு. மற்றொன்று நம்பிக்கையின் வழக்கு. அதற்கு அந்தத் தாள் சான்றாகாது, அதிகம் போனால் விசாரணையைத் தொடங்கிவைக்கலாம். கோவலன் கதையிலும் இதுதான் நடந்தது. அவன் மாதவியிடம் சென்றவன். கண்ணகிக்குக் குற்றம் செய்தவன். ஆனால் கொல்லப்பட்டது அக்குற்றத்துக்காக அன்று, செய்யாத களவுக்காக. ஒரு வழக்கின் சான்றை இன்னொரு வழக்கில் வைத்துத் தீர்ப்பு எழுதினால், குற்றமுள்ளவனுக்குக்கூட நீதி கிடைப்பதில்லை. பிரிய வேண்டுமானால், பேசித் தெளிந்து, ஒப்புக்கொண்ட உண்மையின்மேல் பிரியலாம். ஒரு பரிசோதனைக் கூடத்தின் கணிப்பொறி அச்சின்மேல் பிரிவது வேண்டாம்.

முதல் வழக்கை முடிப்பது எளிது. 2021இல் வெளியான அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டுதல்படி டாக்சிசைக்ளின் நூறு மில்லிகிராம், நாளுக்கு இருவேளை, ஏழு நாள்; கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது, அசித்ரோமைசின் தரப்படும். எதை எவருக்கு என்பதை மருத்துவர் முடிவுசெய்ய வேண்டும். இருவரும் ஒரே காலத்தில் மருந்தெடுக்க வேண்டும். இல்லையேல் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மீண்டும் வரும், அப்போது எழும் இரண்டாவது சந்தேகம் முதலாவதைவிடக் கொடியதாக இருக்கும். மருந்து முடியும்வரை, ஒருவேளை மருந்தாயின் ஏழுநாள், உடலுறவு கூடாது. மருந்துண்ட நான்கு வாரத்துக்குள் மறுசோதனை செய்தால் செத்த கிருமியின் மரபணுவே 'உண்டு' என்று காட்டிவிடக்கூடும். மூன்று மாதம் கழித்துப் பார்ப்பதே முறை. மற்றப் பாலுறவு வழித் தொற்றுகளுக்கும் ஒரே நேரத்தில் இருவரும் சோதித்துக்கொள்வது நல்லது. அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவுகளில் அறிகுறியை வைத்தே நிறம் குறித்த பொட்டலங்களில் மருந்து தருகிறார்கள், இணையருக்கும் சேர்த்து. அது பெரும் தொண்டு. ஆனால் அறிகுறியே இல்லாத தொற்றை அறிகுறி பார்த்துப் பிடிக்க முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாவது வழக்குக்கு அவசரம் இல்லை. 'யார்?' என்று தொடங்காமல், 'நம் இருவருக்கும் மருந்து வேண்டும், அதை முடிப்போம். அதன்பின் எனக்குச் சில கேள்விகள் இருக்கின்றன' என்று ஒருவர் சொல்லக்கூடுமானால், அந்த வீடு பாதிக் கடலைத் தாண்டிவிட்டது. அந்த இடைவெளியில் பெற்றோரும் மைத்துனரும் பஞ்சாயத்துக்கு அழைக்கப்படாதிருப்பது மிக முக்கியம். ஆனால் பேசினால் அடி விழும் என்று அஞ்சும் பெண்ணுக்கு இந்த அறிவுரை பொருந்தாது. அவள் முதலில் மருத்துவரிடம் தனியே சொல்லட்டும். 181 என்னும் மகளிர் உதவி எண்ணும் அவளுக்கு உண்டு. உயிரைவிட உண்மை பேசும் முறை பெரிதன்று.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில், தொற்றக்கூடிய நிலையிலுள்ள பால்வினை நோய் மணவிலக்குக்கு ஒரு காரணமாக இன்றும் நிற்கிறது. பக்கத்திலேயே இருந்த தொழுநோய் 2019இல் நீக்கப்பட்டுவிட்டது. அது குணமாகும் நோய், அதைக் காரணம் காட்டி ஒருவரைக் கைவிடுவது அநீதி என்பதைப் பாராளுமன்றம் ஏற்றது. ஏழு நாளில் குணமாகும் கிளமிடியாவுக்கும் அந்த நியாயம் பொருந்தாதா? ஒருவர் துரோகம் செய்தார் என்றால் அதற்கென்று சட்டத்தில் தனிக் காரணம் இருக்கிறது, அதை மெய்ப்பிக்கட்டும். நோயை அதற்குப் பதிலியாக நிறுத்துவது, நோயாளியை அறமன்றத்துக்கு இழுப்பதே ஆகும். இவ்விதியை மறுபடி எண்ணிப் பார்க்கும் காலம் வந்துவிட்டது என்பது நம் துணிபு.

பரிசோதனைக் கூடங்களிடமும் மருத்துவர்களிடமும் நாம் வேண்டுவது பெரிதாக ஒன்றுமில்லை. தாளின் அடியில் இரண்டு வரி தமிழில் அச்சிடுங்கள்: இச்சோதனை தொற்று எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று காட்டாது, இணையர் இருவரும் மருத்துவரைக் காண்க. பெண்ணை மட்டும் சோதிக்காமல் இருவரையும் ஒருசேரச் சோதியுங்கள். முடிவைச் சொல்லும்போது கதவைச் சாத்திவிட்டுப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அந்தப் பத்து நிமிடம் கிடைக்காத வீடுகளில், அடுத்த பத்து ஆண்டுகள் இருவர் ஒரே கூரையின் கீழ் ஒருவரையொருவர் வேவு பார்த்துக்கொண்டு வாழ நேர்கிறது.